நன்றி டைரி எழுதியும் மனசு நிறையவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கல்யாண்_லைன் (இரவு 11.40)

எல்லாருக்கும் வணக்கம். இருபத்திரண்டு வருஷமாக மும்பை பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறேன். மும்பை ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. போன ஆடியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. இப்போது பிடிமானம் இல்லாமல் பால்கனி வரை நடக்கிறார். குழறினாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஆள் பிழைத்தாரே என்ற நிம்மதி ஒரு ஆறு மாசம் இருந்தது. அப்புறம் பழைய புகைச்சல் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டது. நாத்தனார் மகள் தானேயில் மூணு பெட்ரூம் வீடு வாங்கியது. எனக்குப் பிறகு சேர்ந்தவளுக்கு எனக்கு முன்னால் பிரமோஷன் வந்தது. ஊரில் அம்மா வீட்டை விற்றபோது அண்ணன் என் பங்கைக் குறைத்தது. படுத்தால் இதுதான் ஓடுகிறது.

மகள் ஒரு டைரி வாங்கிக் கொடுத்து, "தினமும் மூணு விஷயத்துக்கு நன்றி எழுதும்மா" என்றாள். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. நேற்று புரட்டிப் பார்க்கிறேன், "குடும்பம், உடம்பு, வேலை" என்று இருக்கிறது. அடுத்த பக்கமும் அதேதான். பதினோரு நாள் அதே மூன்று வார்த்தை, தேதி மட்டும் மாறியிருக்கிறது. எழுதும்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை. இவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி வந்தவளுக்கு மூன்று வாரத்திலேயே நன்றி வற்றிவிட்டதே என்று பயமாக இருக்கிறது.

உங்களுக்கு இப்படி ஆனதுண்டா? குடும்பம், சிநேகிதம், சாமி என்று நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறீர்கள்? தயவுசெய்து அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

செம்பூர்_பெரியவர் (காலை 5.50)

அம்மா, பயப்படாதேங்கோ. வற்றவில்லை. ஊற்று இருக்கிற இடத்தில் இன்னும் தோண்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு 74 வயது. டிராம்பேயில் அணுசக்தி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செடா நகர் முருகன் கோவிலுக்கு 108 படி. வேலையில் இருந்த காலத்தில் படிக்கு ஒன்றாகக் கேட்டுக்கொண்டே ஏறுவேன். குவார்ட்டர்ஸ் கிடைக்கணும், பிள்ளைக்கு சீட் கிடைக்கணும், பெண்ணுக்கு வரன் அமையணும். மேலே போய் நிற்கும்போது சாமி முகம் பார்த்த ஞாபகமே இருக்காது, பட்டியலை முடித்துவிட்டோமா என்றுதான் இருக்கும்.

2019ல் என் ஆத்துக்காரி போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் படிக்கு ஒரு பெயர் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு ஏதாவது செய்தவர்களின் பெயர்.

முதல் படி எப்போதும் மாட்டுங்கா மாமிக்கு. 1974ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கினேன். அந்த மாமி வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுவாள். மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் வாசலில் தயங்கி நின்றால், உள்ளேயிருந்தே "இலை போட்டாச்சு, ரசம் ஆறிண்டிருக்கு" என்பாள். நான் நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூட அவளுக்கு நான் நன்றி என்று சொன்னதில்லை. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிற வழக்கமும் இல்லை.

முதல் தடவை நாற்பது படிக்கு மேல் பெயர் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து பழைய அட்ரஸ் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது முட்டி வலியில் ஒவ்வொரு படியிலும் நிற்க வேண்டியிருக்கிறது. பெயர் சொல்ல நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

---

தொண்ணூறு_அடி_ரோடு (காலை 9.15)

ஐயா எழுதுனதப் படிச்சு கண்ணு கலங்கிட்டு. ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் தாராவியில பொறந்து வளந்தவன். எங்க தாத்தா திருநெவேலிப் பக்கமிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவரு. பத்துக்குப் பன்னெண்டு ரூமுல எட்டுப் பேரு. எங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் கொடுத்த ஒரே பாடம், "இருக்கறத வச்சு சந்தோசமா இரு". சொன்னவங்க யாருன்னு பாத்தா, அவங்களுக்கு எப்பவும் எங்கள விடப் பெரிய வீடு இருக்கும். போதும்ங்கற வார்த்த எப்பவும் மேலருந்து கீழதான் வருது.

இப்ப நான் இஞ்சினியர். போன மாசம் சம்பள உயர்வு கேட்டேன். "வெளிய நெலம தெரியுமா, வேல இருக்கேன்னு நன்றியோட இரு"ன்னு மேனேஜர் சொன்னாரு. அந்த வார்த்தயக் கேட்டாலே எனக்கு எரியுது. கல்யாண் லைன் அக்கா, ஒங்களுக்கு முன்னால வேற ஒருத்திக்கு பிரமோஷன் குடுத்தது அநியாயம்னா, அத டைரி எழுதி ஏன் மறக்கணும்? போய்க் கேளுங்க.

---

கல்யாண்_லைன் (மதியம் 1.30)

தம்பி, நீங்கள் சொன்னதை லஞ்ச் டைமில் மூணு தடவை படித்தேன். இதுவரைக்கும் நான் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. குறையை முழுங்கிவிட்டு அதன் மேல் நன்றியைப் பூசிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

---

வாஷி_டீச்சர் (மாலை 6.05)

கல்லூரியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. இந்த விஷயத்தை தினமும் கையாள்வதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் டைரி. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை நன்றிக்குரியவற்றையும், இன்னொன்றை எரிச்சல்களையும், மூன்றாவதை வெறுமனே நடந்தவற்றையும் எழுதச் சொன்னார்கள். நன்றி எழுதியவர்களுக்கு வாழ்க்கை மேல் திருப்தி கூடியிருந்தது. ஆனால் அந்த மாணவர்கள் எழுதியது வாரம் ஒரு முறை, பத்து வாரம். தினமும் அல்ல. பிறகு சோன்யா லூபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் செய்த ஆய்விலும் வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. மனசு எதற்கும் பழகிவிடும். நல்லதற்குத்தான் இன்னும் சீக்கிரம் பழகும். உங்கள் பதினோரு நாள் ஒரே வரி என்பது உங்கள் குணத்தின் குறை கிடையாது அக்கா, மனசு வேலை செய்கிற விதம் அது.

இரண்டாவது, "குடும்பம்" என்று எழுதினால் மனசுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பெரியவர் எழுதியதைப் பாருங்கள். ரசம், வாசல், உள்ளேயிருந்து வந்த ஒரு குரல். ஐம்பது வருஷம் கழித்தும் எனக்கு அந்த ரசம் மணக்கிறது.

மூன்றாவது, தாராவித் தம்பிக்கு. நீங்கள் சொல்வதுடன் முழுக்க ஒத்துப்போகிறேன். கேட்டு வாங்குகிற நன்றி நன்றியே அல்ல, அது பணிவுக்கு வைத்த இன்னொரு பெயர். வள்ளுவர் பதினோராவது அதிகாரத்துக்குச் "செய்ந்நன்றி அறிதல்" என்றுதான் பெயர் வைத்தார். அங்கே நன்றி என்றால் செய்த நன்மை, உதவி. அறிதல் என்றால் யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவைத்திருப்பது. அதாவது கண் திறந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் மாமியும் தெரிவாள், சம்பளத்தைப் பிடித்துவைப்பவரும் தெரிவார். ஒருவரைப் பார்க்க இன்னொருவரிடமிருந்து கண்ணை மூடத் தேவையில்லை. நீங்கள் வாங்கிய சம்பளம் உங்கள் வேலைக்கான கூலி. அதற்கு நன்றிக்கடன் கிடையாது.

அக்கா, ஒன்று செய்து பார்க்கிறீர்களா? உளவியலாளர் செலிக்மன் குழுவினர் 2005ல் சோதித்த முறை. சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒரு நபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தபாலில் போடாமல் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சோதித்த பயிற்சிகளிலேயே உடனடியாக மனசை மிக அதிகமாக உயர்த்தியது இதுதான், ஒரு மாதம் வரை நின்றது. மூன்று மாதத்தில் தேய்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது இன்னொருவருக்கு எழுத வேண்டியதுதான்.

---

புதன்_நொவேனா (இரவு 8.20)

நான் தூத்துக்குடிப் பொண்ணு, மாகிமுக்கு வாக்கப்பட்டு வந்தவ. எங்க செயிண்ட் மைக்கேல் கோவிலில் புதன்கிழமை நொவேனா (ஒன்பது வாரம் விடாமல் செய்கிற ஜெபம்) 1948லிருந்து நடக்கிறது. எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். வேண்டுதலைக் கடிதமாக எழுதிப் போடுவோம். பலித்தவர்கள் நன்றிக் கடிதம் எழுதுவார்கள், அதைப் படிப்பார்கள்.

என் மகனுக்கு இரண்டரை வயசு வரைக்கும் பேச்சு வரவில்லை. ஒன்பது புதன் விடாமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒன்பது கடிதம் எழுதினேன். கடைசிக் கடிதத்தில் அவன் "அம்மா" என்று ஒரு தடவை சொன்னால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் சொன்னான். அம்மா என்று அல்ல, "பாவ்" (பன் மாதிரி ரொட்டி) என்று. பேக்கரிக்காரர் சைக்கிள் மணி அடிக்கும்போது கையை நீட்டிச் சொன்னான்.

நன்றிக் கடிதம் எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மறக்கவில்லை. அடுத்த கவலை வந்துவிட்டது, அப்புறம் அதற்கு அடுத்தது. ஒரு புதன்கிழமை யாரோ ஒரு அம்மாவின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள், அவர் பிள்ளைக்கும் பேச்சுதான் பிரச்சினை. என் பக்கத்தில் என் மகன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான், நான் "சும்மா இரு" என்று அதட்டிக்கொண்டிருந்தேன்! அங்கேயே பேனா கடன் வாங்கி எழுதினேன். அதில் பேக்கரிக்காரரையும் சேர்த்து எழுதினேன்.

---

பவாய்_பேச்சிலர் (இரவு 11.55)

எனக்கு 24 வயசு. சாமி நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. வேலை போன மூணு மாசமும் என் ரூம்மேட் என் பங்கு வாடகையைக் கட்டினான். அதைவிடப் பெரிசு, ஒரு தடவைகூட "இண்டர்வியூ என்னாச்சு"ன்னு கேக்கல. நானே சொன்னா கேட்டுப்பான். இல்லாட்டி இரண்டு பேருக்கும் மேகி போட்டு எடுத்துட்டு வருவான், அவ்வளவுதான். இதையெல்லாம் படிச்சப்புறம்தான் அவன் கேக்காம இருந்ததும் ஒரு உதவின்னு புரியுது.

---

தொண்ணூறு_அடி_ரோடு (இரவு 12.30)

டீச்சர், கூலிக்கு நன்றிக்கடன் கெடையாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றி.

இன்னொண்ணு. குடும்பத்துக்கு நன்றியா இருன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கப்பா குடிச்சே போனவரு. அம்மாவ அடிச்சிருக்காரு. அதே அப்பாதான் நான் பன்னெண்டாவது பரீட்ச எழுதுன பத்து நாளும் குடிக்காம, கை நடுங்க நடுங்க, விடிகாலைல எனக்கு முன்னாடி எந்திரிச்சு கொழாய்ல வரிசைல நின்னு தண்ணி புடிச்சாரு. நான் குளிச்சிட்டுப் போகணும்னு. இத எந்தப் பக்கத்துல எழுத?

---

வாஷி_டீச்சர் (காலை 7.40)

தம்பி, தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க வேண்டாம். அந்தப் பத்து நாள் உண்மை. அடியும் உண்மை. தண்ணீர் பிடித்தார் என்பதற்காக உங்கள் அம்மா அடியை மன்னித்தாக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அடித்தார் என்பதற்காக அந்தத் தண்ணீரை நீங்கள் கீழே கொட்டவும் வேண்டாம்.

இதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நேரம் யோசித்துத்தான் இவ்வளவும் எழுதினேன்.

---

குர்லா_வழி_நடந்தவன் (மதியம் 2.45, ஜும்ஆவுக்குப் பிறகு)

அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினம் சொந்த ஊர், டோங்கிரியில் கடை.

எங்களில் "எப்படி இருக்கிறீர்கள்" என்று யார் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்வோம். எல்லாப் புகழும் இறைவனுக்கே. சொல்லிச் சொல்லி அது மூச்சு மாதிரி ஆகிவிடும். அர்த்தத்தோடு சொன்னேனா என்று என்னை நானே கேட்க வைத்த நாள் 2005 ஜூலை 26.

அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நான் அப்போது அந்தேரி கிழக்கில் வேலை. ரயில் இல்லை, பஸ் இல்லை, போன் இல்லை. நடக்க ஆரம்பித்தேன். சாக்கிநாக்கா தாண்டி குர்லா வரும்போது இருட்டிவிட்டது, தண்ணீர் மார்பளவு. மிதி ஆறு எது, ரோடு எது என்று தெரியவில்லை. ஒரு சாலின் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கிற கட்டடம்) மாடியிலிருந்து யாரோ வேட்டி, புடவை எல்லாம் முடிந்து கயிறாக இறக்கினார்கள். பிடித்து ஏறினேன். அந்த ஒற்றை அறையில் எனக்கு முன்பே முப்பது பேர் இருந்தார்கள். கீழ்வீட்டு ஜனங்கள் பாதி, என்னைப் போல வழிப்போக்கர்கள் பாதி. அந்த வீட்டுக்கார அம்மா இருந்த அரிசி, பருப்பு எல்லாவற்றையும் போட்டு ஒரே பானையில் கிச்சடி வைத்தார்கள். தட்டு போதவில்லை. ஒருவர் சாப்பிட்டுக் கழுவிக் கொடுக்க, அடுத்தவர் வாங்கினோம். நெற்றியில் குங்குமம், அதற்கு மேல் எனக்கு அடையாளம் தெரியாது. என் பெயரை அவர்களும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து இனிப்பு வாங்கிக்கொண்டு தேடிப் போனேன். எந்தச் சால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருட்டில் வந்த வழி, பகலில் வேறு மாதிரி இருந்தது. அந்த இனிப்பை அங்கே விளையாடிய பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்பது நபிமொழி. அந்த அம்மாவுக்குச் செலுத்த வழியில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் மழை வெள்ளத்தில் ரயில் நிற்கிற நாளில் கடை வாசலில் அடுப்பைப் போட்டுவிடுவோம். டீ, பன். என் மகன்கள்தான் இப்போது செய்கிறார்கள். யாரிடமும் பெயர் கேட்க மாட்டோம், அது எங்கள் வீட்டுச் சட்டம்.

---

செம்பூர்_பெரியவர் (மாலை 6.30)

பாய், இன்று சாயங்காலம் ஒரு படியில் உங்கள் குர்லா அம்மாவைச் சொன்னேன். பெயர் தெரியாததால் "கிச்சடி போட்ட தாயே" என்றேன்.

---

கல்யாண்_லைன் (பதினாறு நாள் கழித்து, இரவு 10.10)

எல்லாரும் மன்னிக்கணும், உடனே வந்து எழுத முடியவில்லை.

கடிதம் எழுதினேன். யாருக்கு என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்) பதினான்கு வருஷமாக என் கூட வருகிற ஒரு மராத்தி அக்கா. மராத்தியில் அக்காவை "தாயீ" என்பார்கள், நம் காதுக்குத் தாய் என்றே விழும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளும் தாயீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். ஆபீஸ் விட்டு நேரே வந்து, சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து, காலி டப்பாவை வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிஷம் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். நான் அப்போது ஒரு வார்த்தை பேசும் நிலையில் இல்லை. அப்புறமும் சொல்லவில்லை. தினம் பார்க்கிற முகம்தானே என்று விட்டுவிட்டேன்.

மகளை உட்கார வைத்து மராத்தியில் சொல்லச் சொல்லி, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. வழக்கம்போல மடியில் பேப்பரை விரித்து இரண்டு பேரும் மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தானே தாண்டியதும் பர்ஸிலிருந்து எடுத்து, மெல்லப் படிக்க ஆரம்பித்தேன்.

அதில் இப்படி ஒரு இடம் எழுதியிருந்தேன். "நாலாவது நாள் நான் போளியை (சப்பாத்தியை) தொடவில்லை. அஞ்சாவது நாள் நீங்கள் தயிர்சாதம் கொண்டுவந்தீர்கள். உங்கள் வீட்டில் யாரும் தயிர்சாதம் சாப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாரிடம் கேட்டு எப்படிச் செய்தீர்களோ. கடுகு கருகியிருந்தது. அந்தக் கருகின வாசனையில்தான் எனக்கு அஞ்சு நாளைக்கு அப்புறம் பசித்தது. எங்கள் அம்மாவும் பேசிக்கொண்டே தாளித்துக் கடுகைக் கருக விடுவாள்."

தாயீ கை கீரைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டது. "வேடி ஆஹேஸ் கா?" என்றார். பைத்தியமாடி நீ, என்று அர்த்தம். அப்புறம் முலுண்டு வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்னைக்கு வீட்டுக்குப் போய் மிச்சத்தை நான் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கசப்பு. கஷ்டத்தில் இருக்கிற பொண்ணுக்கு இப்படிக் கருக்கிக் கொடுத்துட்டமேன்னு இத்தனை நாளும் உன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

ஒரு வருஷம்! தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நான் சொல்லாமல் விட்டதால் அவர் அதைக் குற்றமாகச் சுமந்திருக்கிறார். எதிர் சீட்டில் இருந்த இரண்டு பேரும் அழுதார்கள், அவர்களில் காட்கோபரில் இறங்க வேண்டியவள் தாதரில் இறங்கினாள்.

பிரமோஷன் விஷயத்தை ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன் தம்பி. பதில் வரவில்லை, விடமாட்டேன். அண்ணன் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனால் நான் பி.காம் சேர்ந்தபோது ஃபீஸ் கட்ட அவன் சைக்கிளை விற்றது இந்தப் பதினாறு நாளில்தான் ஞாபகம் வந்தது. அதை டைரியில் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டைரி இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

---

தொண்ணூறு_அடி_ரோடு (இரவு 11.20)

அக்கா, நானும் எழுதிட்டேன். எங்க லைன்ல தையல் கட வச்சிருந்த ஒரு அக்காவுக்கு. ராத்திரி ஒம்பது மணிக்கு கடயச் சாத்திட்டு சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க, லைட்டும் ஃபேனும் போட்டு நான் படிக்கறதுக்கு. ரெண்டு வருசம். கரண்டு பில்லு பத்தி ஒரு பேச்சு இல்ல. மிஷினு மேல புக்க வச்சுத்தான் படிச்சேன். இப்ப அவங்க ஊரோட போயிட்டாங்க, அம்பாசமுத்திரம் பக்கம்.

போன்ல படிச்சா நல்லாருக்காது. தாதர்லேர்ந்து போற சாளுக்யா எக்ஸ்பிரஸ்ல பொங்கலுக்கு டிக்கெட் போட்டுருக்கேன். வெயிட்டிங் லிஸ்ட் 14.

---

கல்யாண்_லைன் (இரவு 11.32)

கன்ஃபர்ம் ஆனதும் இங்கே வந்து சொல்லுங்க தம்பி. வழிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டித் தரேன், தாதர் ஸ்டேஷனில் வந்து கொடுக்கிறேன்.